சிறைக் கதவுக்கு வெளியே முதல் இரண்டு வாரங்கள்



 இந்த இதழின் வேதபாடப் பகுதியில், போதைப்பழக்கத்தினால் குற்றத்தில் விழுந்து, நீதிமன்றத்துக்கும் சிறைக்கும் சென்று, மறுபடியும் வீடு திரும்பும் மனிதரைக் குறித்துப் படிக்கப் போகிறோம்.

மருத்துவமனையின் செய்தி இதழில் நீதிமன்றத்துக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். இப்படிப்பட்ட ஒருவர் நீதிபதியின் பொறுப்பிலும் இருக்கிறார், மருத்துவரின் பொறுப்பிலும் இருக்கிறார், போதகரின் பொறுப்பிலும் இருக்கிறார். மூவரும் தனித்தனியே தங்கள் கடமையைச் செய்துகொண்டிருக்கும்போது அவர் மூவர் கையிலிருந்தும் நழுவிப் போய்விடுகிறார். மூவரும் ஒருங்கே அமர்ந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்க நாட்டின் சில நீதிமன்றங்கள் கடந்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்து பார்த்திருக்கின்றன. அவர்கள் கற்றுக்கொண்டவற்றில் நம் சபைகளுக்கும் பாடம் உண்டு.

வாசிக்க வேண்டிய வேதபகுதி: பிலேமோனுக்கு எழுதின நிருபம் முழுவதும்; கொலோசெயர் 4:7–9. வாலிபர் கூட்டத்திலோ, பெண்கள் ஐக்கியக் கூட்டத்திலோ, வீட்டு ஜெபக்குழுவிலோ இதைப் பயன்படுத்துகிறவர்கள் முதலில் இப்பகுதியை உரக்க வாசித்துவிட்டுக் கட்டுரைக்கு வருவது நல்லது.

1. மியாமி நகரில் நடந்தது

1980-களில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்திலுள்ள மியாமி, கொக்கெய்ன் நாட்டுக்குள் நுழையும் பெரிய வாசலாக இருந்தது. "கிராக்" எனப்படும், புகைக்கக்கூடிய மலிவான வகை தெருக்களில் பரவியபோது கைதுகள் பெருகின, சிறைகள் நிரம்பி வழிந்தன. ஆனால் தண்டனை முடிந்து வெளியே போனவர்களே சில மாதங்களில் அதே குற்றத்துக்காகத் திரும்ப வந்து அதே நீதிபதியின் முன் நின்றார்கள். சிறை அவர்களைச் சில காலம் அடைத்து வைத்தது. அவர்களை உள்ளே கொண்டுவந்த வியாதி அப்படியே இருந்தது.

அந்த வட்டாரத்தின் தலைமை நீதிபதியாக இருந்த ஜெரால்டு வெதரிங்டன், இதற்கு வழி கண்டுபிடிக்கும் பணியை ஹெர்பர்ட் கிளைன் என்ற நீதிபதியிடம் ஒப்படைத்தார். அரசுத் தரப்பில் வழக்கு நடத்தும் பொறுப்பிலிருந்தவர் ஜேனட் ரீனோ என்ற அம்மையார். பின்னாளில், 1993-இல், அந்நாட்டின் அட்டர்னி ஜெனரல் ஆனவர் இவரே. இவர்கள் முயற்சியால் 1989-ஆம் ஆண்டு மியாமியில் முதலாவது "டிரக் கோர்ட்" தொடங்கியது. போதை மறுவாழ்வு நீதிமன்றம் என்று நாம் அதைச் சொல்லலாம். ஸ்டான்லி கோல்ட்ஸ்டைன் அதன் முதல் நீதிபதியாக அமர்ந்தார்.

1994-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய குற்றத் தடுப்புச் சட்டத்தின் மூலம் இவற்றுக்கு மத்திய அரசின் பணஉதவி கிடைத்தது. 1997-இல் இந்நீதிமன்றங்கள் எப்படி இயங்க வேண்டும் என்பதற்குப் பத்து அம்சங்கள் வகுத்து வெளியிடப்பட்டன. இன்று அந்நாட்டில் எல்லா வகைகளையும் சேர்த்து இத்தகைய நீதிமன்றங்கள் 3,000-க்கு மேல் இருக்கின்றன.

2. அந்த நீதிமன்றத்தில் என்ன நடக்கிறது?

போதைக்கு அடிமையாகி வழக்கில் சிக்கியவர் தம் சம்மதத்தின் பேரில் இத்திட்டத்தில் சேர்க்கப்படுகிறார். சில இடங்களில் வழக்கே நிறுத்தி வைக்கப்படுகிறது. வேறு சில இடங்களில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு தண்டனை ஒத்தி வைக்கப்படுகிறது. பெரும்பாலும் ஓர் ஆண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை அவர் நீதிமன்றத்தின் கண்காணிப்பில், சிறைக்கு வெளியே, சிகிச்சை பெறுகிறார். நல்லபடியாக முடித்தால் வழக்கு தள்ளுபடியாகும், அல்லது தண்டனை குறையும்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இத்திட்டம் அதில் சேர்ந்தவருக்கு எளிதல்ல. தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது அவர் நீதிபதியின் முன் நிற்க வேண்டும். வாரத்தில் இரண்டு முறையாவது, எந்த நாள் என்று முன்கூட்டித் தெரியாதபடி, சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஆலோசனை வகுப்புகள், குழுக் கூட்டங்கள், நன்னடத்தை அலுவலரின் வருகை ஆகியவையும் உண்டு. "சும்மா ஜெயிலில் இருந்துவிட்டுப் போவதே மேல்" என்று சிலர் விலகிக்கொள்வதும் உண்டு.

நீதிபதி, அரசு வழக்கறிஞர், எதிர்த்தரப்பு வழக்கறிஞர், சிகிச்சை அளிப்பவர், நன்னடத்தை அலுவலர் ஆகியோர் விசாரணைக்கு முன்பே ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து ஒவ்வொருவரைக் குறித்தும் பேசுகிறார்கள். மற்ற வழக்குகளில் ஒருவரையொருவர் எதிர்த்து வாதாடும் இரு வழக்கறிஞர்களும் இங்கே ஒரே மனிதரின் நலனுக்காக யோசிக்கிறார்கள். பிறகு நீதிமன்றம் கூடும்போது, வழக்கறிஞர் வாயிலாக அல்லாமல், நீதிபதியே அந்த மனிதரிடம் நேராகப் பேசுகிறார். வேலை கிடைத்ததா, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா, போன வாரம் ஏன் வகுப்புக்கு வரவில்லை என்று கேட்கிறார். நன்றாக நடந்தவரை நீதிமன்றத்திலிருக்கும் எல்லாரும் கைதட்டிப் பாராட்டுகிறார்கள். தவறியவருக்கு அன்றைக்கே சிறிய தண்டனை கிடைக்கிறது: சமூகசேவை, கூடுதல் விசாரணை, சில வேளைகளில் ஓரிரு நாள் சிறை.

இங்கே அவர்கள் கடைப்பிடிக்கும் ஒரு பகுத்தறிவை நாம் கவனிக்க வேண்டும். சிகிச்சையின் ஆரம்பத்தில் ஒருவர் மறுபடியும் போதைப்பொருளைத் தொட்டுவிட்டால், அதை வியாதியின் அறிகுறியாகக் கருதிச் சிகிச்சையை மாற்றுகிறார்கள், அல்லது கூட்டுகிறார்கள். ஆனால் பரிசோதனைக்கு வராமல் ஒளிந்துகொண்டாலோ, பொய் சொன்னாலோ, தண்டிக்கிறார்கள். ஆசையை ஒரே நாளில் வெல்ல அவரால் முடியாமல் போகலாம். உண்மையைச் சொல்லவும், சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கவும் இன்றைக்கே முடியும். முடிந்ததை உறுதியாகக் கேட்கிறார்கள். இன்னும் முடியாததற்குப் பொறுமையோடு காத்திருக்கிறார்கள்.

பிரியமானவர்களே, நம் வீடுகளிலும் சபைகளிலும் பல நேரங்களில் இது தலைகீழாக நடக்கிறது. விழுந்ததை ஒப்புக்கொண்டு வந்தவனைக் கடிந்து துரத்துகிறோம். ஒளித்து வைக்கத் தெரிந்தவனை நல்லவன் என்று நம்புகிறோம். அதன் விளைவாக, உண்மை சொன்னால் நஷ்டம் என்ற பாடத்தையே அவன் கற்றுக்கொள்ளுகிறான்.

3. பலன் உண்டா?

காணிக்கை கொடுக்கிற நீங்கள் எப்போதும் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி. அமெரிக்காவில் 23 போதை மறுவாழ்வு நீதிமன்றங்களில் இருந்தவர்களையும், அத்தகைய நீதிமன்றம் இல்லாத இடங்களில் இருந்தவர்களையும், ஏறக்குறைய 1,800 பேரை, ஒன்றரை ஆண்டு பின்தொடர்ந்து செய்த ஓர் ஆய்வு 2011-இல் வெளிவந்தது. அந்த ஒன்றரை ஆண்டின் முடிவில், கடந்த ஓராண்டில் போதைப்பொருளைப் பயன்படுத்தினேன் என்று சொன்னவர்கள் மற்ற இடங்களில் 76 சதவீதம். மறுவாழ்வு நீதிமன்றங்களில் 56 சதவீதம். குற்றம் செய்தேன் என்று சொன்னவர்கள் மற்ற இடங்களில் 53 சதவீதம். இங்கே 40 சதவீதம்.

இந்த எண்களைக் கூட்டாமலும் குறைக்காமலும் பார்ப்போம். பாதிக்கு மேற்பட்டவர்கள் மறுபடியும் போதைப்பொருளைத் தொட்டிருக்கிறார்கள். ஆயினும் நூறு பேரில் இருபது பேருக்கு வித்தியாசம் ஏற்பட்டிருக்கிறது. அந்த இருபது பேரும் இருபது குடும்பங்கள். வித்தியாசம் எதனால் வந்தது என்று ஆராய்ந்தபோது, நீதிபதி தன்னை நியாயத்தோடும் மரியாதையோடும் நடத்தினார் என்ற எண்ணம் உடையவர்களே மிகவும் முன்னேறினார்கள் என்று கண்டார்கள். தண்டிக்கும் அதிகாரம் உடைய ஒருவர் தன் பெயரையும் பாட்டையும் அறிந்து, தன்னை மனிதனாக மதித்தார் என்பது அவர்களைத் தூக்கி நிறுத்தியது.

குறைகளும் உண்டு. சில நீதிமன்றங்கள் எளிதில் திருந்தக் கூடியவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டன என்றும், திட்டத்தை முடிக்க முடியாமல் போனவர்களுக்குச் சாதாரண வழக்கில் கிடைத்திருக்கக் கூடியதைவிட நீண்ட தண்டனை கிடைத்தது என்றும் விமரிசகர்கள் சுட்டிக்காட்டினார்கள். இதனால், போதையின் பிடி அதிகமாகவும் மறுபடி குற்றத்தில் விழும் ஆபத்து அதிகமாகவும் உள்ளவர்களுக்கே இடம் கொடுக்க வேண்டும் என்று பின்னர் நெறிமுறை வகுத்தார்கள். பிணியாளிக்கே வைத்தியன் தேவை என்பதை நம் ஆண்டவரிடம் கற்றவர்களுக்கு இந்த நெறிமுறை புதிதல்ல.

4. விடுதலையாகும் நாளின் ஆபத்து

இதுவரை சிறைக்குப் போகாமல் தடுக்கும் நீதிமன்றத்தைப் பார்த்தோம். சிறைக்குப் போய்த் தண்டனையை முடித்து வெளியே வருகிறவரின் நிலை என்ன?

வாஷிங்டன் மாநிலத்தில் 1999 முதல் 2003 வரை சிறையிலிருந்து விடுதலையான 30,237 பேரைக் குறித்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது. விடுதலைக்குப் பின் முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் மரிக்கும் ஆபத்து, அதே மாநிலத்தின் மற்ற மக்களைவிட 12.7 மடங்கு அதிகமாக இருந்தது. அளவுக்கு மீறிய போதைமருந்தினால் மரிக்கும் ஆபத்தோ 129 மடங்கு! சிறைக்குள் உயிரோடிருந்தவர் வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் சவப்பெட்டியில் கிடத்தப்படுகிறார்.

காரணத்தை எளிதாகப் புரிந்துகொள்ளலாம். ஹெராயின் போன்ற பொருளை நாள்தோறும் எடுக்கிறவரின் சரீரம் அதைத் தாங்கப் பழகிவிடுகிறது. சிறையில் பல மாதங்கள் அது இல்லாமல் இருக்கும்போது அந்தத் தாங்கும் சக்தி போய்விடுகிறது. ஆசையோ போகவில்லை. வெளியே வந்து, பழைய நண்பன் கொடுக்கிற பழைய அளவை எடுக்கிறார். முன்பு மயக்கம் தந்த அளவு இப்போது மூச்சை நிறுத்துகிறது. "ஆறு மாதமாகத் தொடவே இல்லை, சுகமாகிவிட்டான்" என்று குடும்பம் சந்தோஷப்படும் நேரமே மிகவும் ஆபத்தான நேரம்.

இதோடு மற்றப் பாரங்களும் சேருகின்றன. கையில் பணமில்லை, அடையாள அட்டை இல்லை, வாடகைக்கு வீடு கொடுப்பாரில்லை, வேலைக்கு எடுப்பாரில்லை. அவரை மனதார வரவேற்பவர்கள் பழைய கூட்டாளிகள் மட்டுமே.

ஆகவே மறுவாழ்வு நீதிமன்றத்தின் முறையை விடுதலையானவர்களுக்கும் விரிவாக்கினார்கள். உதாரணமாக, நியூயார்க் நகரின் ஹார்லம் பகுதியில் 2001-இல் பரோலில் வெளிவருவோருக்காக இப்படிப்பட்ட நீதிமன்றம் தொடங்கியது. வெளியே வந்தவர் குறித்த நாட்களில் நீதிபதியின் முன் வந்து, வேலை, வீடு, சிகிச்சை ஆகியவை எந்த நிலையில் இருக்கின்றன என்று சொல்ல வேண்டும், உதவியும் பெறலாம். 2008-இல் "இரண்டாம் வாய்ப்புச் சட்டம்" என்ற பெயரில், சிறையிலிருந்து திரும்புவோரின் மறுவாழ்வுக்கு உதவும் சட்டத்தில் ஜனாதிபதி ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்டார்.

5. மாத்திரையும் விசுவாசமும்

இந்தப் பகுதியைச் சற்று நிதானமாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். இங்கே உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

ஹெராயின் போன்ற அபின்வகைப் போதைக்கு மெதடோன், பூப்ரனார்ஃபின், நால்ட்ரெக்ஸோன் ஆகிய மருந்துகள் உண்டு. முதல் இரண்டும் ஆசையையும், போதையை நிறுத்தும்போது வரும் வேதனையையும் தணிக்கின்றன. மூன்றாவது, போதைப்பொருள் சரீரத்தில் வேலை செய்யாதபடி தடுக்கிறது. ரோட் ஐலண்ட் என்ற சிறிய மாநிலம் 2016-இல் இம்மூன்றையும் தன் சிறைகளுக்குள்ளேயே கொடுக்கத் தொடங்கியது. விடுதலையானபின் வெளியிலும் தொடர ஏற்பாடு செய்தது. அண்மையில் சிறையிலிருந்து வந்தவர்களில் அளவுக்கு மீறிய போதையால் மரித்தவர்கள் 2016-இன் முதல் ஆறு மாதத்தில் 26 பேர். 2017-இன் முதல் ஆறு மாதத்தில் 9 பேர்.

ஆனாலும் பல மறுவாழ்வு நீதிமன்றங்கள் நெடுங்காலம் இம்மருந்துகளை மறுத்தன. "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை" என்று நீதிபதிகள் சிலர் எண்ணினார்கள். மருந்தை நிறுத்தினால்தான் திட்டத்தை முடித்ததாகக் கருதுவோம் என்றார்கள். 2015-இல் அமெரிக்க மத்திய அரசு, மருத்துவர் எழுதிக்கொடுத்த இம்மருந்துகளைக் காரணமாக வைத்து ஒருவரைச் சேர்க்க மறுக்கும் நீதிமன்றத்துக்கு அதன் போதை மறுவாழ்வு நிதி கிடையாது என்று நிபந்தனை விதிக்க வேண்டியதாயிற்று.

அந்த நீதிபதிகள் சொன்னதை நம் சபைகளில் வேறு வார்த்தைகளில் கேட்கலாம். "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு?" என்பார்கள். ஜெபக்கூட்டத்தில் மனம் உருகினவர், மறுநாள் காலையில் மருந்தை வீசிவிடுவதைச் சாட்சியாகச் சொல்வதும் உண்டு. மிஷன் மருத்துவமனைகளைத் தாங்குகிற உங்களுக்குக் காசநோய்ச் சிகிச்சை நன்றாகத் தெரியும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும், உடம்பு தேறிவிடும். சுகமானதற்காக ஸ்தோத்திரம் சொல்லுவோம். மாத்திரையை மட்டும் ஆறு மாதமும் விடாமல் கொடுப்போம். இடையில் விட்டால் நோய் முன்னிலும் மோசமாகத் திரும்பும் என்று அறிவோம். மாத்திரை சாப்பிடுகிற காசநோயாளியின் விசுவாசத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. போதையிலிருந்து மீளுகிறவரிடம் மட்டும் வேறு அளவுகோலை எடுப்பது நியாயமாகாது.

ஆகவே என் தாழ்மையான வேண்டுகோள்: இம்மருந்தை நிறுத்துவதையோ குறைப்பதையோ மருத்துவர் மட்டுமே சொல்லட்டும். போதகரானாலும், ஜெபக்குழுத் தலைவரானாலும், பெற்ற தாயானாலும், அந்த ஆலோசனையைச் சொல்லத் துணிய வேண்டாம். ஜெபிப்போம், தைரியப்படுத்துவோம், மருந்து வாங்கும் நாளில் கூடப் போவோம்.

6. பவுல் அனுப்பிய விதம்

பிலேமோன் நிருபத்துக்கு வருவோம். ஒநேசிமு பிலேமோனுடைய அடிமை. அவன் ஏன் எஜமானை விட்டுப் பிரிந்தான் என்று பவுல் விவரிக்கவில்லை. ஏதாவது அநியாயம் செய்திருந்தால், கடன்பட்டிருந்தால் என்று மட்டும் குறிப்பிடுகிறார். அடிமை முறை அநீதியானது. அதைச் சிறைத் தண்டனையோடு ஒப்பிட நான் வரவில்லை. பிரிந்துபோன ஒருவர் தன்னைக் குற்றவாளியாக எண்ணும் இடத்துக்கே திரும்பிச் செல்லுகையில் அவருக்கு என்னென்ன தேவை என்பதையே இங்கே பார்க்கிறோம்.

முதலாவது, அவன் தனியே அனுப்பப்படவில்லை. கொலோசெயர் நான்காம் அதிகாரத்தைக் கவனியுங்கள். தீகிக்கு அவனோடுகூடப் போகிறான். வழியிலும் வாசலிலும் பக்கத்தில் ஒருவன் நிற்கிறான்.

இரண்டாவது, கடன் மறைக்கப்படவில்லை. அதைப் பவுல் வெளிப்படையாக எழுதி, தன் கையெழுத்தோடு தன் கணக்கில் ஏற்றுக்கொள்ளுகிறார். குற்றத்தைப் பூசி மெழுகுகிற இரக்கம் இங்கே இல்லை. கணக்கைப் பார்க்கிற இரக்கமே இருக்கிறது. மறுவாழ்வு நீதிமன்றமும் குற்றம் நடக்கவில்லை என்று சொல்வதில்லை.

மூன்றாவது, நிருபம் பிலேமோனுக்கு மாத்திரம் எழுதப்பட்டதல்ல. முதல் வசனங்களைப் பாருங்கள். அப்பியாளுக்கும், அர்க்கிப்புவுக்கும், அந்த வீட்டில் கூடிவருகிற சபைக்கும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. ஒநேசிமுவை ஏற்றுக்கொள்வது ஒரு குடும்பத்தின் தலையில் மட்டும் சுமத்தப்பட்ட காரியமாக இருக்கவில்லை. நம்மிடையே சிறையிலிருந்து மகன் திரும்பினால், அந்தத் தாய் மட்டுமே ஏழு நாளும் இருபத்துநான்கு மணி நேரமும் அவனைக் காவல் காக்கிறாள். சபை ஞாயிற்றுக்கிழமை விசாரிக்கிறது.

நான்காவது, கடிதத்தின் முடிவில் பவுல் தனக்கு ஓர் இடத்தை ஆயத்தம்பண்ணச் சொல்லுகிறார். இதை நாம் வழக்கமாக வேகமாக வாசித்துக் கடந்துவிடுவோம். ஆனால் அதைக் கேட்ட பிலேமோன் கடந்திருக்க மாட்டான். பவுல் வரப்போகிறார்; வந்து ஒநேசிமு எப்படி இருக்கிறான் என்று பார்க்கப் போகிறார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீதிபதியின் முன் வந்து நில் என்பதும் இதே அக்கறைதான். அனுப்பினவர் மறுபடியும் விசாரிப்பார் என்பது இரு தரப்பையும் தாங்குகிறது.

7. நம் நாட்டுச் சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவு

நம் நாட்டிலும் போதைப்பொருள் வழக்குகளுக்குச் சிறப்பு நீதிமன்றங்கள் உண்டு. ஆனால் அவை அவ்வழக்குகளை விரைவில் விசாரிப்பதற்காக ஏற்பட்டவை. மேலே சொன்ன மறுவாழ்வு நீதிமன்றங்களோடு அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எனினும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டத்தில் நம்மில் பலர் அறியாத இரண்டு பிரிவுகள் இருக்கின்றன.

பிரிவு 39-இன்படி, போதைப்பொருளை உட்கொண்ட குற்றத்துக்காகவோ, சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்காகவோ குற்றவாளியென்று தீர்க்கப்பட்டவர் போதைக்கு அடிமையானவராக இருந்தால், அவரது வயது, நடத்தை, உடல்நிலை, மனநிலை ஆகியவற்றைக் கருதி, உடனே தண்டிப்பதற்குப் பதிலாக, அவர் சம்மதத்தோடு நீதிமன்றம் அவரைச் சிகிச்சைக்கு அனுப்பலாம். சிகிச்சையின் விவரத்தை ஓர் ஆண்டுக்குள் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பிறகு, மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாத காலத்துக்குக் குற்றம் செய்யாதிருக்கும்படி பிணைப்பத்திரம் எழுதிக்கொண்டு, எச்சரித்து விடலாம். பிரிவு 64ஏ-இன்படி, அத்தகைய சிறு குற்றம் சாட்டப்பட்ட அடிமைப்பட்டவர் தாமாகவே முன்வந்து முழுச் சிகிச்சையும் பெற்றால், அக்குற்றத்துக்காக வழக்குத் தொடரப்படாமல் பாதுகாப்புப் பெறலாம். சிகிச்சையை முடிக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பு நீக்கப்படலாம். போதைப்பொருள் வியாபாரிக்கு இவ்விரண்டும் பொருந்தா. மதுப்பழக்கமும் இச்சட்டத்தின் கீழ் வருவதில்லை.

இவ்விரு பிரிவுகளும் அரசு நடத்துகிற அல்லது அங்கீகரித்த மருத்துவமனையையோ நிலையத்தையோ குறிப்பிடுகின்றன. அதாவது, நீதிபதிக்கு மனமிருந்தாலும், அனுப்புவதற்குப் படுக்கையும் மருத்துவரும் உள்ள ஓர் இடம் வேண்டும். சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. கதவுக்கு அப்பால் அறை இருக்கிறதா என்பது நம்மைப் போன்றவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத குடும்பங்களுக்கு இன்னொரு செய்தி: காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகி இவ்விரு பிரிவுகளைக் குறித்துக் கேட்கலாம்.

8. சபையாக நாம் செய்யக்கூடியவை

விடுதலை நாளைக் கேட்டறிந்து, சிறை வாசலுக்கு இருவராவது போங்கள். அந்த வாசலில் முதலில் கை கொடுப்பவர் யார் என்பது முக்கியம்.

முதல் இரண்டு வாரங்களுக்கு ஓர் அட்டவணை போட்டு, தினமும் ஒருவர் சந்தியுங்கள். பிரசங்கம் வேண்டாம், சேர்ந்து சாப்பிட்டால் போதும். மருத்துவமனைக்கும், ஆதார் அட்டை போன்ற காரியங்களுக்கும் கூடப் போங்கள்.

அபின்வகைப் போதை எடுத்திருந்தவர் எழுப்பியும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாரித்தால், தூங்குகிறார் என்று விட்டுவிடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். மருத்துவமனையில் நாலோக்ஸோன் என்ற மாற்று மருந்து உண்டு. தாமதமின்றிக் கொண்டுவந்தால் உயிரைக் காப்பாற்றலாம்.

அவசரப்பட்டு மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைக்காதீர்கள். எல்லாருக்கும் முன்பாக ஜெயித்தேன் என்று சொன்னவருக்கு, பிறகு விழுந்ததை ஒருவரிடம்கூடச் சொல்ல நா எழுவதில்லை.

மனைவியையும் தாயையும் மறவாதீர்கள். வாரத்தில் ஒருநாள் அவர்களுக்கு ஓய்வு கிடைக்கும்படி யாராவது அந்த வீட்டில் இருந்தால் அது பெரிய ஊழியம். சபையில் கடையோ, பட்டறையோ, தோட்டமோ வைத்திருப்பவர்கள் ஒருவருக்கு வேலை கொடுக்க முன்வரலாம். கூலியை எப்படிக் கையாளுவது என்பதை முதலிலேயே குடும்பத்தோடு பேசி முடிவு செய்யுங்கள்.

கலந்து பேசுவதற்கு

1. ஒருவர் மறுபடி விழுந்ததற்கும், அதை ஒளித்ததற்கும் நம் வீட்டில் வித்தியாசம் காட்டுகிறோமா? எப்படி?

2. ஒநேசிமுவுக்குத் தீகிக்கு துணையாகப் போனதுபோல, நம் சபையில் யார் போகக்கூடும்?

3. மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்தும்படி நம் கூட்டங்களில் யாராவது ஆலோசனை சொன்னால், அன்போடு எப்படித் தடுப்பது?

4. பிலேமோனின் வீட்டுச் சபையில் நீங்கள் இருந்திருந்தால், ஒநேசிமு உள்ளே நுழைந்தபோது எங்கே உட்கார இடம் கொடுத்திருப்பீர்கள்?

ஜெபிக்க

இந்த மாதம் விடுதலையாகிறவர்களுக்காகவும், அவர்களை எதிர்பார்த்தும் பயந்தும் காத்திருக்கும் குடும்பங்களுக்காகவும். தீர்ப்பு எழுதும் நீதிபதிகளுக்கு ஞானமும் பொறுமையும் கிடைக்கும்படியாகவும். சிறை அதிகாரிகள், நன்னடத்தை அலுவலர்கள், போதை மறுவாழ்வுப் பிரிவில் இரவும் பகலும் உழைக்கும் செவிலியர்களுக்காகவும். மூன்றாம் முறையோ, நான்காம் முறையோ விழுந்து, இனி யார் முகத்தில் விழிப்பேன் என்று மறைந்திருப்பவர்களுக்காகவும் ஜெபியுங்கள்.

சமாதானத்தின் தேவன் உங்களையும் உங்கள் வீட்டாரையும் காத்துக்கொள்வாராக.

கர்த்தருடைய பணியில்,
மருத்துவமனை ஆயர்